ஏழு மணிக்குக் குடித்த டீ

சட்டைக் கை அம்மாவின் முழங்கையைத் தாண்டி ஏறவில்லை.

"கொஞ்சம் மடக்கிப் பிடிங்க அண்ணி," என்றாள் சின்னவள்.

அண்ணி பிடித்துப் பார்த்தாள். கை மடங்குவதாக இல்லை. கடைசியில் கத்தரிக்கோலால் தையலைப் பிரித்துத்தான் போட்டார்கள். பின்பக்கம் இழுத்துவிட ஒருக்களித்துப் புரட்டியபோது முதுகு தெரிந்தது. ரத்தம் இறங்கிப் படிந்த கருநீலத் தடம். சின்னவள் யோசிக்காமலே கட்டைவிரலை வைத்து அழுத்தி எடுத்தாள். அந்த இடம் வெளுக்கவில்லை.

மணி பத்துதான் ஆகியிருந்தது. அம்மா உயிர் போனது காலை ஏழு மணிக்கு என்றுதான் அண்ணன் சொல்லியிருந்தான். மூன்று மணி நேரத்தில் உடம்பு இப்படி ஆகாது.

"என்ன பாக்குறே?"

"ஒண்ணுமில்ல அண்ணி."

எல்லாம் படித்த பாவம். சின்னவளுக்கு நீதிமன்றத்தில் தட்டச்சர் வேலை. பிரேதப் பரிசோதனை அறிக்கைகளைப் புரியாமலே எத்தனை வருஷம் தட்டுவது என்று, தடய அறிவியலும் குற்றவியலும் சேர்ந்த சான்றிதழ் படிப்புக்குக் கல்லூரியில் மாலை வகுப்பில் சேர்ந்தாள். இரண்டு முறை தேறவில்லை. "பொணத்தப் பாத்து மணி சொல்ற படிப்பு," என்று அண்ணன் கேலி செய்வான். ஞாயிற்றுக்கிழமை அவள் வந்தால், அம்மா படுத்தபடியே புத்தகத்தைப் பிடித்துக்கொண்டு கேள்வி கேட்பாள்.

"விறைப்பு மொதல்ல எங்கடி தெரியும்?"

"தாடையிலம்மா."

"சரியோ தப்போ, எனக்கென்ன தெரியும். அடுத்தது சொல்லு."

போன மாதம்தான் சான்றிதழ் கைக்கு வந்தது.

கூடத்தில் அண்ணன் கீழ்வீட்டுத் தையல்காரம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தான். "ஏழு மணிக்கு டீ கேட்டாங்க. ரெண்டு வாய் குடிச்சாங்க. சின்னவ வந்துட்டாளான்னாங்க. அவ்வளவுதான்."

தொலைபேசியில் சொன்னபோது டீ மட்டும்தான் இருந்தது. அம்மா கேட்ட கேள்வி அப்புறம் வந்து ஒட்டிக்கொண்டது. வாசலில் அவளைக் கட்டிக்கொண்டு அவன் அதைச் சொன்னபோது உடைந்துபோய் அழுதாள். இப்போது அந்த அழுகையை நினைக்கவே எரிச்சலாக இருந்தது.

அவனை அடுக்களைக்கு இழுத்துப் போனாள்.

"அம்மாவ நேத்து எப்பண்ணா பாத்தே?"

"என்ன, விசாரணையா? டாக்டரே ஏழுன்னு எழுதிட்டாரு."

"நீ சொன்னத எழுதியிருக்காரு."

"சாயங்காலக் கிளாஸ்ல நாலு எழுத்து படிச்சிட்டு எங்கிட்டயே வர்றியா?"

"முதுகத் தொட்டுப் பாத்தேண்ணா."

அவன் திரும்பிக் குழாயை இறுக்கி மூடினான். அது ஏற்கெனவே மூடித்தான் இருந்தது.

"சாயங்காலம் மாத்திரை குடுத்தேன். அப்புறம் ஒருதடவ எட்டிப் பாத்தேன். தூங்குறாங்கன்னு கதவச் சாத்திட்டேன். உங்க அண்ணியும் அவங்க அம்மா வீட்டுக்குப் போயிருந்தா. காலைல டீயோட போனப்பதான்..."

"கிட்டப் போய்ப் பாத்திருக்கலாம்ல?"

"நீ ஞாயித்துக்கிழமை வந்து கேள்வி பதில் விளையாடிட்டுப் போயிடுவே. மிச்ச ஆறு நாளும் யாருடி பாத்தது?"

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதையாகிவிட்டது. கத்த வேண்டும்போல் இருந்தது அவளுக்கு. யாரைப் பார்த்துக் கத்துவது என்றுதான் தெரியவில்லை.

தையல்காரம்மா அடுக்களை வாசற்படியில் வந்து நின்றாள். "நீ இதெல்லாம் படிச்சவளாமே, சின்னவளே. அம்மா கஷ்டப்படாமத்தானே போனாங்க?"

அண்ணன் தரையைப் பார்த்தான்.

"ஏழு மணிக்கு டீ குடிச்சாங்களாம்," என்றாள் சின்னவள், பல்லைக் கடித்துக்கொண்டு. "என்னையும் கேட்டாங்களாம்."

"புண்ணியவதி," என்று தையல்காரம்மா கண்ணைத் துடைத்தபடி படியிறங்கிப் போனாள்.

அண்ணன் அம்மாவின் அறைக்குப் போனான். திறந்த கதவு வழியாகச் சின்னவளுக்குத் தெரிந்தது. போர்வையைக் கழுத்துவரை இழுத்துவிட்டான். சற்று நின்றான். பிறகு குனிந்து, புறங்கையை அம்மாவின் மூக்கருகே கொண்டுபோய் வைத்தான். வெகுநேரம் அதை எடுக்கவில்லை.