மூன்றாவது தட்டு

குக்கர் விசிலடித்த அந்த நொடியே நோர்லெய்டியின் வேலை போயிருக்க வேண்டும்.

மெடயின் நகரத்து மலைச்சரிவில் ஒரே அறை கொண்ட வீடு. காதில் ஹெட்செட்டோடு அடுப்பு முன் நின்றிருந்தாள். அவள் வேலை, பேசுவது. தனிமையில் தவிக்கும் ஆண்கள் லைனுக்கு வருவார்கள். நிமிடக் காசு கம்பெனிக்கு. மனம் குளிர்ந்து அவர்கள் தட்டிவிடும் டிப்ஸ் மட்டும்தான் இவளுக்கு.

அதுதான் வரவே இல்லை. 'பேர்லா' என்ற பெயரில், குரலைத் தாழ்த்தி, மூச்சை இழுத்து, மேற்பார்வைக்காரி எடில்சா சொல்லிக்கொடுத்த மாதிரியே பேசிப் பார்த்தாள். "உனக்கென்ன சளியா?" என்று கேட்டுவிட்டு ஒருத்தன் போனையே வைத்துவிட்டான்.

இன்று டிப்ஸ் ஏறாவிட்டால் பகல் ஷிப்ட் பறிபோகும். ராத்திரி ஷிப்ட்தான். தூங்கும் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்து பேர்லாவாகப் பேசுவதா?

அந்த மகள்தான் இப்போது தேவாலயத்தில் மறைக்கல்வி வகுப்பு முடிந்து பசியோடு வரப்போகிறாள். அதனால்தான் பீன்ஸ். அதனால்தான் குக்கர். அழைப்பில் வீட்டுச் சத்தம் கேட்கவே கூடாது என்பது எடில்சாவின் முதல் சட்டம்.

"என்ன சத்தம் அது?" என்றான் எதிர்முனையில் எவெலியோ. லாரி டிரைவர்.

"ஐயோ, மன்னிச்சிடுங்க..." பேர்லா கழன்று விழுந்தாள். சொந்தக் குரல்.

"பீன்ஸா?"

"ஆமா."

"பன்னிக்கால் போட்டிருக்கீங்களா?"

"போடாம? வாழைக்காயும் போட்டிருக்கேன்."

"கத்தியால நறுக்கியா?"

"கத்தி பட்டா குழம்பு கறுத்துடுமே! நகத்தாலதான் கிள்ளிப் போட்டேன்."

நீளமான பெருமூச்சு. "எங்கம்மாவும் அப்படித்தான். இங்க மலைப்பாதையில மண்ணு சரிஞ்சு காலையிலேர்ந்து நிக்கிறேங்க. கையில இருக்கறது காஞ்ச ரொட்டி."

போன் திரை மின்னியது. எடில்சா! 'கேட்டுட்டுதான் இருக்கேன். குக்கரை அணை. இல்லேன்னா லைனை வெட்டிடுவேன்.'

அணைத்தாள். விசில் செத்தது. மூச்சை இழுத்தாள். "செல்லம்... எங்கே விட்டோம்?"



"இப்ப ஒரு வீட்டுக்காரம்மா இருந்தாங்களே, எங்க போனாங்க?" என்றான் எவெலியோ மெதுவாக. "அவங்களைக் கூப்பிடுங்க."

நோர்லெய்டி திரையைப் பார்த்தாள். அடுப்பைப் பார்த்தாள். தீக்குச்சியை உரசினாள்.

"வந்துட்டேன். வெங்காயம் வதக்கப் போறேன். கேளுங்க."

சட்டியில் எண்ணெய் சடசடத்தது. சாப்பாட்டு மேசையில் காத்திருப்பவன் போல அவன் கேட்டுக்கொண்டிருந்தான். குக்கர் மறுபடி விசிலடித்தது. லைன் அறுபடவில்லை!

"கொஞ்சம் பூசணியும் போட்டிருந்தா..." என்று இழுத்தான்.

"என் அடுப்புல பூசணியா? வாயைக் கழுவிட்டு வாங்க!"

லாரியே குலுங்குமளவு சிரித்தான். 'டிங்.' முதல் டிப்ஸ். விசில் அடங்கி அவள் மூடியைத் திறந்தபோது இன்னொன்று. கரண்டி தட்டில் பட்டபோது மற்றொன்று.

திடீரென்று எதிர்முனையில் ஹாரன்கள் அலறின. "வழி விட்டுட்டாங்க, கிளம்பறேன்," என்றான். தயங்கினான். "எனக்கும் ஒரு தட்டு எடுத்து வைப்பீங்களா? சும்மா சத்தத்துக்குத்தான்."

சத்தத்துக்கென்று வெறும் தட்டை வைக்க அவளுக்கு மனம் வரவில்லை. நிறையவே பரிமாறினாள். வாழைக்காய்த் துண்டுகளைத் தேடி எடுத்து மேலே வைத்தாள்.

"வெச்சாச்சு. மலைப்பாதை. பாத்து ஓட்டுங்க."

திரை மீண்டும் மின்னியது. எடில்சா.

'பகல் ஷிப்ட் உனக்குத்தான்டி. திங்கக்கிழமை என்ன சமையல்? விளம்பரத்துல போடணும்.'

கதவைத் தள்ளிக்கொண்டு மகள் மைரா வந்தாள். மேசையைப் பார்த்து நின்றாள்.

"மூணு தட்டு எதுக்கும்மா?"

"ஒருத்தர் வழியில இருக்கார்," என்றாள் நோர்லெய்டி, ஹெட்செட்டைக் கழற்றியபடி. "உக்காரு, ஆறிடப் போகுது."