அறுபத்திரண்டு நாளைக்கு

பட்டறைக்காரன் அந்தக் கிடாரைச் செய்து முடிக்க எடுத்துக்கொண்டது இருபத்தைந்து நிமிடம். பத்து பத்துக்குக் கதவைச் சாத்தினான், பத்து முப்பத்தைந்துக்குத் திறந்தான். அதற்குள் அவனுக்கு இரண்டு மாதத் தாடி வளர்ந்திருந்தது.

தெருவில் அவனுக்கு ‘நாளைக்கு’ என்று பெயர். எந்த வேலையைக் கேட்டாலும் நாளைக்கு வாங்க என்பான். மறுநாள் போனாலும் முகம் கோணாமல் அதையே சொல்வான். “நாளைக்கு இருக்காரா?” என்று யாராவது விசாரித்தால், “இன்னைக்கே இருக்காரு, உள்ள போங்க” என்பார் பக்கத்து சாவிக்கடைக்காரர். அவனிடம் அதிகம் ஏமாந்தவள் அவனுடைய சொந்த அக்கா. தையல்காரி. இருபத்திரண்டு வருடங்களுக்கு முன் ஒரு கிடார் கேட்டாள். கிடார் செய்கிற தம்பியை வைத்துக்கொண்டு கடையில் வாங்கினால் நாலு பேர் சிரிப்பார்கள் என்று காத்திருந்தாள். அதுவரை விரல் பழகட்டும் என்று அவன் ஒரு பலகைத் துண்டில் ஆறு தையல் நூலை இழுத்துக் கட்டிக் கொடுத்தான். பகலெல்லாம் மிஷின் மிதித்துவிட்டு, சாயங்காலமானால் புத்தகத்தைப் பார்த்துப் பார்த்து அதில் வாசிப்பாள். சத்தம் என்று ஒன்றும் வராது. பஸ் ஓட்டுகிற அவள் கணவர் எதிரில் உட்கார்ந்து தலையாட்டுவார். பாட்டு முடிந்தது எப்படித் தெரியும் என்று கேட்டால், “பெருசா ஒரு மூச்சு விடுவா” என்பார். பதினேழு பாட்டு அவள் விரலுக்குத் தெரியும். காதுக்கு ஒன்றுகூடத் தெரியாது.

அன்று காலை ஆஸ்பத்திரியிலிருந்து இருவரும் நேராகப் பட்டறைக்கு வந்தார்கள். அக்காவின் இரண்டு காது நரம்பிலும் கட்டி. எடுத்தால் உயிர் நிற்கும், ஆனால் காது கேட்காது.

“எப்ப மாமா ஆபரேஷன்?” என்றான் பட்டறைக்காரன்.

“நாளைக்கு காலைல, மாப்ள. ஏழு மணிக்கு.”

அந்த வார்த்தையைச் சொன்னபடியே செய்கிறவர்களும் உலகத்தில் இருக்கிறார்கள் என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது. அக்கா கிடாரைப் பற்றிக் கேட்கவில்லை. அவள் கேட்காததுதான் அவனால் தாங்க முடியாததாக இருந்தது. “டீ குடிச்சிட்டு இருங்க” என்று அவர்களை எதிர்க்கடை பெஞ்சில் உட்கார வைத்துவிட்டு, உள்ளே போய்க் கதவைச் சாத்தினான்.

அவன் அவளுக்குச் சொன்ன நாளைக்குகள் அங்கே வந்து காத்திருந்தன. எல்லாம் வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொல்லி அனுப்பியவை ஆயிரத்துக்குமேல் இருக்கும், அவை எட்டிக்கூடப் பார்க்கவில்லை. செய்துவிட வேண்டும் என்று மனசார நினைத்துச் சொன்னவை மட்டும் வந்திருந்தன. அறுபத்திரண்டு. ஒவ்வொன்றும் ஒரு முழு நாள், தனக்குரிய வெயிலோடும் இருட்டோடும் ஜன்னலில் வந்து போனது. மழைக்காலத்தில் சொன்னவை ஈரமாக இருந்ததால், பக்கப்பலகையை நனைத்துச் சூடான குழாயில் வளைக்க அவற்றை வைத்துக்கொண்டான். கோடையில் சொன்னவற்றைப் பசை காயவும் பாலிஷ் உலரவும் ஒதுக்கினான். அவசரத்தில் சொன்ன இரண்டு மூன்றுக்கு மத்தியானமே இல்லை, அவை கிடாரின் கழுத்தைத் தேய்க்க உதவின. டப்பாவில் இருந்த ரஸ்க் தின்னத் தின்னக் குறையவில்லை. அதைப் பற்றி யோசிக்க அவனுக்கு நேரமில்லை. அறுபத்தோராம் நாள் கம்பி கட்டிவிட்டுக் கதவைத் திறந்தபோது, மாமாவின் இரண்டாவது டீ பாதி கிளாஸில் ஆவி பறந்துகொண்டிருந்தது. சாவிக்கடைக்காரர் அரத்தை எடுத்து ஒரு சாவியை ராவ ஆரம்பித்திருந்தார்.

“அக்கா, உள்ள வா. இன்னும் ஒரு நாள் மிச்சமிருக்கு.”

அவள் அவன் தாடியையும் சுவரோரம் குவிந்த மரச்சீவலையும் பார்த்தாள். நடந்ததை அவன் சொன்னான்.

“எத்தனை வந்துச்சு?”

“அறுபத்திரண்டு.”

“அத்தனை தடவை நிஜமாத்தான் சொன்னியாடா?” என்றாள். ஒன்றுகூட நிஜமில்லை என்று நினைத்திருந்தவள் அவள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கிடாரை வாங்கினாள்.

முதல் பாட்டு கர்ணகடூரமாக இருந்தது. இரண்டாவது அதைவிட மோசம். அவளுக்கு முகம் செத்துவிட்டது. அவள் விரல்களைக் குனிந்து பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான். இருபத்திரண்டு வருடமும் அவள் தலைகீழாகவே வாசித்திருக்கிறாள். பலகையில் ஆறும் ஒரே நூல். எது தடித்த கம்பி, எது மெல்லிய கம்பி என்று அவன் ஒருநாளும் சொல்லித் தரவில்லை.

“விரலை மாத்திக்கட்டுமா?” என்றாள்.

“விரல் இருக்கட்டும்க்கா. கம்பியை மாத்திடலாம்.”

கம்பிகளைக் கழற்றி, இரண்டு முனையிலும் கம்பி உட்காரும் காடிகளைத் திருத்தி, மேலதைக் கீழாகவும் கீழதை மேலாகவும் கட்டி முடிக்கையில் அந்தக் கடைசி நாள் மத்தியானத்தைத் தாண்டியிருந்தது. மிச்சமிருந்த வெளிச்சத்தில் அவள் பதினேழு பாட்டையும் வாசித்தாள். நடுநடுவே, “இது இப்படியா இருக்கும்?” என்று சிரித்தாள். ஒன்பதாவது பாட்டை மட்டும் மூன்று தடவை வாசித்தாள். ஜன்னல் மங்கியதும் பெரிதாக ஒரு மூச்சு விட்டு எழுந்தாள். வெளியே வந்தபோது சாவிக்கடைக்காரர் அதே சாவியை ராவிக்கொண்டிருந்தார்.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. காது போனது. சாயங்காலங்களில் அக்கா இன்னும் வாசிக்கிறாள், மாமா எதிரில் உட்கார்ந்து கேட்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை பட்டறைக்காரன் போயிருந்தபோது பாதிப் பாட்டில் நிறுத்தி, காது கேளாதவர்களின் உரத்த குரலில், “டேய், ரெண்டாவது கம்பி லேசா இறங்கியிருக்கு” என்றாள்.

அவன் மீட்டிப் பார்த்தான். இறங்கித்தான் இருந்தது. முறுக்கிக் கொடுத்தான்.