ஆறு எங்கே பொங்கும் என்று எப்சிக்குத் தெரியும்

1

இந்தக் கதை உண்டானதில் என் கையும் இருக்கிறது. முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுவது நல்லது.

பாறசாலையில் எனக்கு ஒரு சின்னக் கடை உண்டு. நகல் எடுப்பேன், மனு எழுதுவேன், ஆங்கிலத்தில் இருப்பதைத் தமிழிலோ மலையாளத்திலோ ஆக்கித் தருவேன். போன மழைக்காலத்தில் ஒரு பெண் இருபத்தெட்டுப் பக்கச் சிறு புத்தகம் ஒன்றைக் கொண்டுவந்து மேசையில் வைத்தாள். பலகையில் காய் நகர்த்தி ஆடும் ஏதோ ஓர் ஆட்டத்தின் விதிகள். "தமிழில ஆக்கித் தரணும். அவருக்கு இங்கிலீசு வாசிச்சா மண்டையிடி" என்றாள். வாரிசுச் சான்றும் வாடகை ஒப்பந்தமும் எழுதிச் சலித்துக் கிடந்தவனுக்கு இது அல்வா. மூன்றே நாளில் முடித்தேன். அதில் பத்தொன்பதாம் பக்கத்தை மட்டும் சோம்பலில் விட்டிருந்தால் இதை நீங்கள் படிக்க வேண்டியிருந்திருக்காது.

(அவள் பெயர் எப்சி இல்லை. அவள் சொன்னது பாதி, நான் கட்டியது மீதி. எது எந்தப் பாதி என்று கேட்காதீர்கள்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்த அந்த ஞாயிற்றுக்கிழமை மதியம், எப்சி —

வேண்டாம். பலகையிலும் ஆறு பொங்கி, வெளியிலும் மழை கொட்டினால் வாசகர் என்னைச் சும்மா விடமாட்டார்.

இரண்டாம் முயற்சி: சுதீஷின் சிறுநீரகங்கள் இரண்டும் —

இதுவும் வேண்டாம். ஆஸ்பத்திரிக் கதை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவீர்கள். ஆஸ்பத்திரி வரும், ஆனால் உள்ளே போகமாட்டோம்.

3

எப்சி தனுவச்சபுரத்தில் ஒரு இரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறாள். அவள் கணவன் சுதீஷ் இரண்டு வருடம் முன்புவரை ஆரியங்கோட்டில் ரப்பர் வெட்டிக்கொண்டிருந்தான். இப்போது திங்கள், புதன், வெள்ளி மூன்று நாளும் அவன் தம்பி பினுவின் ஆட்டோவில் நெய்யாற்றின்கரைக்குப் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ் இயந்திரத்தோடு கட்டிக் கிடக்கிறான். ஒன்பது வயதில் ஒரு மகள், அனுமோள்.

ஆட்டப் பெட்டி பக்கத்துப் படுக்கை மோகனனுடையது. பெங்களூரிலிருக்கும் மகள் வாங்கிக் கொடுத்தது. மோகனனுக்குத் திடீரென்று ஒருநாள் மாற்றுச் சிறுநீரகம் கிடைத்தது. போகிற அவசரத்தில், "இனி எனக்கு இது வேண்டாம் மக்கா, நீ வச்சுக்கோ" என்று பெட்டியைச் சுதீஷிடம் தந்துவிட்டுப் போனார். அதிர்ஷ்டம் மோகனனோடு போயிற்று, பெட்டி இங்கே தங்கிற்று.

ஆட்டம் இதுதான். ஒரு மலையோர ஊர், நடுவே ஆறு. மீட்க நான்கு ஆட்கள்: மருத்துவர், ஓட்டுநர், மின்பணியாளர், வார்டு மெம்பர். (மூலத்தில் மேயர். நம் ஆற்றங்கரைகளுக்கு மேயர் வந்து பார்த்ததில்லை, ஆகவே மெம்பராக்கினேன்.) வெள்ளம் ஊரை முழுக்குமுன் எல்லாக் குடும்பங்களையும் மேட்டில் ஏற்ற வேண்டும். ஆறாக ஆடுவது ஃபோனில் இருக்கும் ஒரு ஆப். ஒவ்வொரு நகர்த்தலுக்குப் பிறகும் அதை அழுத்தினால், அடுத்து எந்த இடம் முழுகுகிறது என்று சொல்லும்.

"இதில ஆரு செயிப்பா?" என்று முதல் நாள் சுதீஷ் கேட்டான்.

"ஒண்ணுகில் ரெண்டுபேரும் செயிப்போம், இல்லேங்கி ரெண்டுபேரும் தோப்போம்."

"அப்பம் சண்டை ஆருகிட்ட போடுதது?"

"ஆத்துகிட்ட."

அவனுக்கு அது பிடித்துவிட்டது. மருத்துவரையும் ஓட்டுநரையும் அவன் எடுத்தான். மற்ற இருவர் எப்சிக்கு. ஏற ஏறக் கடினமாகும் படிகளில் முதல் இரண்டை ஓணத்துக்குள் தாண்டினார்கள். மூன்றாம் படியில் பதினொரு முறை ஆடி, பதினொரு முறையும் ஊர் முழுகிற்று.

4

இனி உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். எப்சியின் சிறுநீரகம் சுதீஷுக்குப் பொருந்தும். எல்லாச் சோதனையும் முடிந்துவிட்டது. பரிசோதனைக் கூடத்துக்காரிக்கு அந்தத் தாளை வாசிக்க யாரும் கற்றுத்தர வேண்டாம். அவன் கையில் ஊசி குத்த இடம் குறைந்துகொண்டு வருகிறது, ஆறு மாதத்துக்குள் முடிவெடுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார்.

சுதீஷ் ஒப்புக்கொள்ளவில்லை.

"நானும் கிடந்து நீயும் கிடந்தா அனுமோளுக்கு ஆரு உண்டு? ஒரு வீட்டில ஒரு சீக்காளி போரும். வேண்டாம்னா வேண்டாமாக்கும்."

அவள் அழுதாள், திட்டினாள், இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தாள். பினுவை விட்டுப் பேசச் சொன்னாள். போதகரான சபை ஐயர் வந்து ஜெபித்துவிட்டு, காப்பி குடித்துவிட்டுப் போனார். ஒன்றும் நடக்கவில்லை.

5

[இங்கே ஒரு சிறு கட்டுரை. அவசரக்காரர்கள் ஆறுக்குப் போகலாம்.]

இந்தப் பக்கத்துச் சபைகளில் வருடப் பிறப்பு ஆராதனை முடிந்ததும் வீட்டுக்கு ஒருவர் போய் ஒரு வாக்குத்தத்த அட்டை எடுப்பார்கள். தட்டில் அட்டைகள் கவிழ்த்து வைத்திருக்கும். எடுத்ததில் உள்ள வேத வசனம் அந்த வருடத்துக்கு அந்த வீட்டுக்கானது. பிடிக்கவில்லை என்று திரும்ப வைக்கக் கூடாது. கண்டிப்பான வசனம் வந்தால் முகம் சுண்டிப்போய், அதையும் அலமாரிக் கண்ணாடியில் செருகி வைப்பார்கள். நான் கேலி செய்யவில்லை. நம் தலையில் விழவிருந்த முடிவு ஒன்றை இன்னொருவர் தோளில் இறக்கிவைக்க மனிதன் கண்டுபிடித்ததில் அட்டைதான் எடை குறைந்த பொருள்.

இந்த ஜனவரியில் சுதீஷ் போய் எடுத்தான். சிறுநீரக விஷயத்துக்கு ஆமென்றோ இல்லையென்றோ ஏதாவது வரும் என்று இரண்டு பேரும் நம்பினார்கள். வந்ததோ திராட்சைத் தோட்டத்துக்கு வேலி கட்டுவது பற்றிய வசனம். (கதாசிரியனாக இங்கே பொருத்தமான வசனம் ஒன்றை வைக்க எனக்குக் கை அரித்தது. வைக்கவில்லை. அதிர்ஷ்டம் என்றால் அப்படித்தான் இருக்கும், சம்பந்தமில்லாமல்.)

6

வீட்டுக்கு வந்த சுதீஷ் ஆட்டப் பெட்டியைப் பார்த்தபடி சொன்னான். "எட்டி, ஒரு காரியம். வாற ஞாயிற்றுக்கிழமை மூணாம் படி ஒரே ஒரு தடவை ஆடுவோம். செயிச்சா ஒப்பு போட்டுத் தாறேன். தோத்தா நீ பொறவு வாயே திறக்கப்பிடாது."

"தெய்வகாரியத்தைக் கொண்டு ஃபோனுக்க கையில குடுக்கியளா?"

"அட்டையும் கடலாசுதானே. அதில பேசுதவரு இதிலயும் பேசுவாரு."

அவன் தோற்பதற்காகத்தான் சொல்கிறான் என்று எப்சிக்குப் பட்டது. பதினொரு முறை தோற்ற ஆட்டத்தில் யார் பந்தயம் வைப்பார்கள்? வேண்டாம் என்பதை அவன் சொல்லாமல் ஆறு சொல்ல வேண்டும், அவ்வளவுதான். அந்த வாரம் முழுக்க அவளுக்கு அவன்மேல் ஆத்திரம். சோறு போடும்போது தட்டு மேசையில் கொஞ்சம் சத்தமாகவே விழுந்தது. ஆனாலும் "சரி" என்றிருந்தாள்.

திங்கட்கிழமை அவன் ஆட்டோ ஏறியதும் விதிகளை எடுத்து முதல் பக்கத்திலிருந்து வாசித்தாள். பத்தொன்பதாம் பக்கத்தில் என் தமிழில் இப்படி இருந்தது: "ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஆறு இலக்க எண் ஒன்று உண்டு. அதே எண்ணை மீண்டும் கொடுத்தால் ஆறு அதே வரிசையில் பொங்கும்."

7

ஆப் தந்த ஓர் எண்ணை அவள் பரிசோதனைக் கூடத்துச் சீட்டு ஒன்றின் பின்புறம் குறித்துக்கொண்டாள். 430772. (அனுமோளின் பிறந்த நாளை வைத்தால் உங்களுக்குக் கண்ணீர் வரும். வைக்கமாட்டேன்.) அவன் ஆஸ்பத்திரிக்குப் போகும் மூன்று நாளும் கூடத்தில் பாதி நாள் லீவு சொல்லிவிட்டுத் தனியாக உட்கார்ந்தாள். நான்கு பேருக்கும் அவளே ஆடினாள். மெம்பராக இந்த நாற்காலி, மருத்துவராக அந்த நாற்காலி என்று முதலில் மாறி மாறி உட்கார்ந்தாள். பிறகு முட்டி வலித்தது, ஒரே இடத்தில் இருந்துவிட்டாள். ஒன்பதாவது ஆட்டத்தில் ஜெயித்தாள். வெள்ளிக்கிழமைக்குள் பதினேழு ஆட்டம். கடைசி நான்கும் ஜெயம். மூன்றாம் சுற்றில் வடக்குக் கரை, ஆறாம் சுற்றில் அரிசிக்கடை, எட்டாம் சுற்றில் பாலம். ஆறு அவளுக்கு மனப்பாடம்.

இது கள்ளத்தனமா? எதிராளி இல்லாத ஆட்டத்தில் கள்ளத்தனம் செய்தால் நஷ்டம் யாருக்கு? ஆற்றுக்கா? இதை அவளிடமே கேட்டேன். "சாறே, அட்டையைத் திரும்ப வச்சாத்தானே தப்பு. நான் திரும்ப வைக்கல்லியே. மறிச்சுத் திருப்பிப் பாத்துட்டு எடுத்தேன், அவ்வளவுதான்" என்றாள். வாதம் எனக்குப் பிடித்திருந்தது. சபை ஐயரிடம் இது செல்லுமா என்பது வேறு.

அவள் கணக்கில் ஒரே ஓட்டை. தனியாக ஆடும்போது நான்கு பேரும் சொன்னபடி கேட்டார்கள். ஞாயிற்றுக்கிழமை அதில் இரண்டு பேர் சுதீஷின் கையில். ஆற்றுக்கு எண் உண்டு, சுதீஷுக்குக் கிடையாது.

8

ஞாயிற்றுக்கிழமை. ஆராதனை முடிந்து வந்து, மரச்சீனிக் கிழங்கும் மீனும் தின்றாயிற்று. (பொட்டாசியம் ஆகாதென்று அவனுக்கு மரச்சீனி வேகவைத்த தண்ணீரை வடித்துத்தான் கொடுப்பாள்.) அனுமோள் பினு வீட்டுக்குப் போயிருந்தாள். எப்போதும் ஆப்பைத் தொடங்கி வைப்பது எப்சி. அன்றும் அவள்தான் எண்ணைப் போட்டாள்.

மூன்றாம் சுற்றுக்கு முன்பே மெம்பரை வடக்குக் கரைக்கு அனுப்பினாள்.

"அங்ஙோட்டு எதுக்கு? அங்க ஒரு சொட்டு வெள்ளமில்லியே."

"சும்மா. ஒரு தோணல்."

சுதீஷ் அழுத்தினான். வடக்குக் கரை முழுகிற்று. "தோணல் கொள்ளாமே, பலிச்சுதே!" என்று அவன் சிரித்தான். ஆறாம் சுற்றில் அரிசிக்கடை. இந்த முறை அவன் சிரிக்கவில்லை. ஃபோனைப் பார்த்தான், அவளைப் பார்த்தான், பலகையைப் பார்க்கவில்லை.

ஓட்டை அதற்கு முந்திய சுற்றிலேயே திறந்திருந்தது. ஐந்தாம் சுற்றில் ஓட்டுநரின் கார் நேரே பாலத்துக்குப் போயிருக்க வேண்டும். அவள் ஜெயித்த ஆட்டம் எல்லாவற்றிலும் போயிற்று. சுதீஷ் பள்ளிக்கூடத்தில் நிறுத்தினான். "பிள்ளைகளை விட்டுட்டு எங்ஙன போவது?" பாலம் முழுகப்போவதைச் சொன்னால் குட்டு வெளிப்பட்டுவிடும். எட்டாம் சுற்று வந்தபோது கடைசிக் குடும்பத்தோடு கார் இன்னும் இக்கரையில் நின்றது. மேட்டுக்குப் போக வழி இரண்டு: பாலம், இல்லையென்றால் கீழே படகுக் கடவு. எதில் வைத்தாலும் அடுத்த நகர்த்தலில் கரையேறலாம், ஆறு அதை எடுக்காவிட்டால்.

முடிவு, ஒன்று: சுதீஷ் தற்செயலாகக் கடவில் வைக்கிறான், ஜெயிக்கிறார்கள், அவன் கையெழுத்துப் —

அடித்துவிட்டேன். தற்செயலுக்கு நான் சம்பளம் கொடுப்பதில்லை.

முடிவு, இரண்டு: எல்லாம் புரிந்துபோய்ப் பலகையைத் தட்டிவிடுகிறான், காய்கள் தரையில் —

இது நாடகம். டயாலிசிஸுக்கு மறுநாள் போகவிருப்பவனுக்கு அவ்வளவு தெம்பு இருக்காது.

நடந்ததாக அவள் சொன்னது இது. சுதீஷ் காரைக் கையில் எடுத்தான். வைக்கவில்லை.

"எட்டி, அடுத்தது எங்க பொங்கும்?"

எனக்கெப்படித் தெரியும் என்று எப்சி ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவன் பாதிக்குப் பாதி சரியான இடத்தில் வைத்துவிடலாம், ஆட்டம் ஆட்டமாகவே முடியும். ஆனால் அந்தப் பாதியை அவளால் தாங்க முடியவில்லை.

"பாலத்தில" என்றாள்.

அவன் ஃபோனைக் கவிழ்த்து வைத்தான்.

"அப்பம் இது ஆட்டமில்ல."

"இல்ல."

"எத்ர தடவை ஆடின?"

"பதினேழு."

"ஒற்றைக்கா?"

"ஒற்றைக்கு. உங்களுக்க ரெண்டு ஆளையும் நாந்தான் ஆடினேன்."

"நான் எங்ஙன ஆடினேன்?"

"நான் சொன்னதை எல்லாம் கேட்டிய" என்று சொல்லும்போது அவளுக்கு அழுகை வந்துவிட்டது. அவனுக்குச் சிரிப்பு வந்தது. இரண்டும் ஒன்றாக நடந்தது என்கிறாள்.

"வையுங்க" என்றாள். "எங்க வேணும்னாலும் வையுங்க. நான் இனி ஒண்ணும் சொல்லமாட்டேன்."

9

பாலத்தில் வைத்தால் தோல்வி, கடவில் வைத்தால் ஜெயம். இது அவளுக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். அவன் எதில் வைத்தாலும் இனி ஆறு சொல்லிற்று, அட்டை சொல்லிற்று, கர்த்தர் சொன்னார் என்று ஒதுங்க வழி இல்லை. வேண்டாம் என்பதையோ சரி என்பதையோ அவன்தான் சொல்ல வேண்டும். அதற்குத்தான் அவன் இத்தனை மாதம் பயந்துகொண்டிருந்தான் என்று நினைக்கிறேன்.

அதற்குமேல் எப்சி எனக்குச் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. அவன் விரல் விரிவதை மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். மூன்றிலும் அது என் விரலாகவே இருந்தது. அவன் கையைப் பிடித்து நான் நகர்த்தினால், எப்சி தனியாக ஆடியதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

எழுத முடிந்தது இவ்வளவுதான். கார் அவன் கையில் இருக்கிறது. பினுவின் ஆட்டோ வந்து நிற்கிறது. அனுமோள் உள்ளே ஓடிவந்து அப்பாவின் தோளில் தொங்கிக்கொண்டு பலகையை எட்டிப் பார்க்கிறாள்.

"அப்பா, எல்லாரும் கரையேறியாச்சா?"

நான் எழுந்துகொள்கிறேன். நீங்கள் இருங்கள். பிள்ளை கேட்கிறாள், யாராவது பதில் சொல்ல வேண்டும்.