கன்னத்தில் பட்ட குளிர்

மொட்டைமாடியில் மழைத் தண்ணீர் இறங்காமல் தார் ஷீட் ஒட்டுவது எங்கள் வேலை. கேஸ் பர்னரால் ஷீட்டின் அடிப்பக்கத்தைச் சுட்டு, தார் இளகும்போதே உருட்டி மிதிக்க வேண்டும். பாதியில் கேஸ் தீர்ந்து நெருப்பு அணைந்தால் ஓரம் ஒட்டாமல் வாயைப் பிளந்து நிற்கும். போன இரண்டு மாடிகளிலும் எனக்கு அப்படித்தான் ஆனது. இன்னொரு தடவை அணைந்தால் பர்னர் வேறு கைக்குப் போய்விடும் என்று மேஸ்திரி சொல்லிவிட்டார்.

எங்கள் சிலிண்டரில் மீட்டர் எல்லாம் கிடையாது. மேலிருந்து வெந்நீரை ஊற்றித் தடவிப் பார்ப்போம். கேஸ் தீர்ந்த இடம் சுடும், இருக்கிற இடம் சில்லென்றிருக்கும். பச்சைப் பிள்ளைக்கும் தெரிகிற காரியம், எனக்குத்தான் தெரியாது. பர்னர் பிடித்துப் பிடித்து என் உள்ளங்கை மரத்துப்போய்விட்டது. சூடும் குளிரும் அதற்கு ஒன்றுதான். இது வீட்டுக்காரிக்கும் அவள் தம்பிக்கும் மட்டும் தெரிந்த சங்கதி. மச்சினனை வேலைக்குச் சேர்த்துவிட்ட நாளிலிருந்து அவன்தான் எனக்குக் கை. அவன் தடவிச் சொல்வான், நான் பற்றவைப்பேன்.

அன்றைக்கு ஆஸ்பத்திரி மாடி. கீழே நோயாளிகள், மேலே கருமேகம். மச்சினன் வெந்நீர் ஊற்றித் தடவினான். பாதிக்கு மேலேயே இருக்கிறது என்று சொல்லிவிட்டு டீ வாங்க இறங்கினான்.

கெட்டிலில் வெந்நீர் மிச்சம் இருந்தது. சூடு கண்ட பூனை நான். ஊற்றினேன், மண்டியிட்டுச் சிலிண்டரில் கன்னத்தை வைத்தேன். மேலே சுட்டது. நடுவிலும் சுட்டது. காது தரையைத் தொடுகிற அளவுக்குக் குனிந்த பிறகுதான் குளிர் பட்டது. இரண்டு விரற்கடைகூட இருக்காது.

தலையைத் தூக்கினால் மச்சினன் டீயோடு படிவாசலில் நிற்கிறான்.

"என்ன மாமா, சிலிண்டரக் கொஞ்சிட்டு இருக்கீங்க?"

"அடியிலதான் இருக்கு மாப்ளே. போன ரெண்டு மாடியிலயும் இப்படித்தானா?"

அவன் மறுக்கவில்லை. டீயைக் கைப்பிடிச் சுவரில் வைத்தான்.

"எத்தனை நாளைக்கு மாமா நான் தண்ணி ஊத்திட்டே இருக்கறது? பர்னர் உங்ககிட்ட இருக்கற வரைக்கும் நான் எடுபிடிதான்." பிறகு குரலைத் தாழ்த்தினான். "மேஸ்திரிகிட்ட வேணா சொல்லுங்க. சொன்னா உங்க கையையும் சேத்துத்தான் சொல்லணும்."

கூட இருந்தே குழி பறிப்பது என்று ஊரெல்லாம் பேசக் கேட்டிருக்கிறேன். என் வீட்டுத் தட்டில் சாப்பிட்டுக்கொண்டே பறித்திருக்கிறான்.

மேஸ்திரி மேலே வந்தார். இன்னும் ஏன் பற்றவைக்கவில்லை என்று கேட்டார். கேஸ் அடிமட்டத்தில் இருக்கிறது, வேறு சிலிண்டர் ஏற்றச் சொல்லுங்கள் என்றேன். யார் பார்த்தது என்றார். நான்தான், கன்னத்தை வைத்து என்றேன். மச்சினன் சொன்ன பொய்யைச் சொல்லவில்லை. வீட்டுக்காரியின் முகம் குறுக்கே வந்து நின்றது.

"கன்னத்தையா? கைக்கு என்ன?"

மேஸ்திரி சூடு ஆறாத கெட்டிலை எடுத்து, அடியை என் உள்ளங்கையில் வைத்தார். நான் கையை இழுக்கவில்லை.

"சுடலையா?"

"தெரியலைங்க."

அவர் திட்டவில்லை. திட்டியிருக்கலாம். பர்னரை எடுத்து மச்சினனிடம் நீட்டினார்.

புது சிலிண்டர் வந்தது. இந்தத் தடவை நான் வெந்நீர் ஊற்றினேன், அவன் தடவினான்.

"முழுசா இருக்கு மாமா" என்றான், என் முகத்தைப் பார்க்காமல்.

நான் மண்டியிட்டு, கன்னத்தை வைத்துப் பார்த்தேன்.