தொகோரோவின் கையுறை

என் முழங்கையை அறுத்துத் தைத்துப் பதினெட்டு மாதம் ஆகியிருந்தது. அவ்வளவு நாளும் மட்டை மட்டும் பிடித்தேன், நன்றாகவே அடித்தேன். ஆனால் பேஸ்பாலில் வீசவும் அடிக்கவும் தெரிந்தவனை அடிக்க மட்டும் விட்டால் அது அரைச் சாப்பாடு. மறுபடி வீச்சாளர் நிற்கும் மேட்டில் ஏறி வீச வேண்டும். எனக்கு அப்போது வேண்டியது அது ஒன்றுதான்.

பயிற்சியில் வேகம் காட்டும் கருவியே கூடாது என்றார் மருத்துவர். எண்ணைப் பார்த்தால் அதைத் துரத்திக் கையைக் கெடுத்துக்கொள்வேனாம். அதனால் எனக்கிருந்த ஒரே அளவுகோல் தொகோரோ. பள்ளி விடுதியில் என்னோடு ஒன்றாகச் சோறு தின்றவன். அணியில் அவனுக்கு வேலை, பயிற்சியிலும் கை சூடாக்கும்போதும் நாங்கள் வீசுவதைப் பிடிப்பது. ஆட்டத்தில் இறங்கமாட்டான்.

முதல் நாளே சொல்லிவிட்டேன். "டேய், பந்து செத்துக் கிடந்தா செத்துக் கிடக்குன்னு சொல்லிடு. மூஞ்சிக்காகப் பேசாதே."

"உன்கிட்ட எனக்கென்னடா மரியாதை, நாகாமினே? கேவலமா இருந்தா கேவலமா இருக்குன்னே சொல்றேன்."

கோடை முழுக்க வீசினேன். ஒவ்வொரு பந்துக்கும் அவன் கையுறை 'பட்டார்' என்று வெடிக்கும். "இன்னைக்குப் பந்துல உசுரு இருக்கு" என்பான். எங்கள் ஆட்களே மட்டையோடு எதிரே நின்றபோதும் திணறினார்கள். பெரிய ஆட்டக்காரன் என்று எனக்குக் காட்டிய தயவு அது, அப்போது எனக்கு உறைக்கவில்லை. தொகோரோ சொல்கிறானே என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

செப்டம்பரில் ஓர் ஆட்டத்தில் நான் மறுபடி வீச நாள் குறித்தார்கள். மைதானம் நிரம்பி வழிந்தது. முதல் பந்தை வீசிவிட்டுப் பெரிய திரையைப் பார்த்தேன். மணிக்கு 134 கிலோமீட்டர். பழைய நாளில் நான் 155 வீசியவன். கருவி கெட்டுவிட்டது என்று நினைத்தேன். அடுத்தது 133.

எதிரணியில் ஐந்து பேர் வரிசையாக வந்து வெளுத்தார்கள். மேலாளர் மேட்டுக்கு வந்து பந்தை வாங்கிக்கொண்டார். மட்டைக்கு நான் தேவை என்பதால் வலது மூலைக்குப் போய்ப் பந்து தடுக்க நிற்கச் சொன்னார்.

எங்கள் மைதானம் பழசு, அதனால் மாற்று வீச்சாளர்கள் கை சூடாக்கும் இடம் வலப்பக்கக் கோட்டை ஒட்டியே இருக்கிறது. நின்ற இடத்தில் 'பட்டார்' என்று கேட்டது. என் பந்துக்குக் கேட்ட அதே சத்தம். யாரடா இப்படி வீசுகிறான் என்று திரும்பினேன். மூத்த வீச்சாளர் யோகோமிசோ. அவர் பந்து வந்து சேர்வதற்குள் ஒரு கோப்பைத் தேநீர் குடித்துவிடலாம் என்று நாங்கள் கேலி செய்யும் ஆள்.

"அண்ணே, இன்னைக்குப் பந்துல உசுரு இருக்கு" என்று அவரிடம் சொன்னான் தொகோரோ.

எங்கள் அணி மட்டை பிடிக்கும் முறை வந்ததும் நேரே அவனிடம் போனேன். "எல்லாருக்கும் இதே பாட்டுதானா?"

அவன் தலை நிமிரவில்லை. "கையுறையில எங்க வாங்கினா வெடிக்கும்னு எனக்குத் தெரியும்டா. வீசுறவனுக்குத் தெம்பு குடுக்கிறதுதான் எங்க பொழப்பு."

"நான் தெம்பா கேட்டேன்?"

"நீ வீசப்போறேன்னு சீட்டெல்லாம் வித்தாச்சு, வாயைத் திறக்காதேன்னாரு கோச். கூட்டத்தைப் பார்த்தா உனக்கு வேகம் தானா வந்துடும்னு நானும் நெனச்சேன்."

"கோச் சொல்லாம இருக்கட்டும். அவர் யாரோ. நீ யாருடா எனக்கு?"

ஐந்து பேர் அடித்தது எனக்கு வலிக்கவில்லை. பதினைந்து வயதிலிருந்து கேட்ட குரல் நம்பவைத்துக் கழுத்தை அறுத்துவிட்டதே, அதுதான் வலித்தது.

நான்காவது சுற்றில் மட்டை பிடித்தேன். ஆத்திரத்தில் வீசிய மட்டையில் பந்து சரியாகச் சிக்கி வலப்பக்கம் உயர்ந்தது. வேலியைத் தாண்டிவிட்டால் உல்லாசமாக நான்கு தளங்களையும் சுற்றி வரலாம், தாண்டாவிட்டால் உயிரைக் கொடுத்து ஓட வேண்டும். முதல் தளத்தை நெருங்கும்போது கோட்டோரத்திலிருந்து தொகோரோ கத்தினான்.

"தாண்டிடுச்சுடா, நாகாமினே. மெதுவா ஓடு."

நான் வேகத்தைக் குறைக்கவில்லை. இரண்டாம் தளத்துக்கு அருகில் நடுவர் பந்து வேலியைத் தாண்டியது என்று கையைச் சுழற்றிக் காட்டினார். அதைப் பார்த்த பிறகுதான் மெதுவாக ஓடினேன்.