செவலை அசை போடவில்லை

பட்டிப் பொங்கலுக்கு மறுநாள் காலையில் செவலைக்காளை எழுந்திருக்கவில்லை. இடப்பக்கம் வயிறு உப்பியிருந்தது. அசை போடுவது அடியோடு நின்றுவிட்டது. பெருமாயிக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. உழவுக்கும் வண்டிக்கும் அதை நம்பித்தான் அந்த வீட்டுப் பிழைப்பு.

வினையை வைத்தது வேறு யாருமில்லை, அவளும் புருஷன் சென்னியப்பனும்தான். பட்டி மாடுகள் அத்தனைக்கும் பெரிய பானையில் பொங்கி ஊட்டுவது பழைய வழக்கம். போன வைகாசியில் சண்டை போட்டுப் பாகம் பிரிந்தபோது மயிலைக்காளையும் பசுக்களும் சென்னியப்பனின் தம்பி அப்புசாமிக்குப் போயின. மிஞ்சியது செவலை மட்டும். பானையைச் சிறிதாக்கினால் ஊர் சிரிக்காதா? சோளத்தட்டு தின்கிற மாட்டுக்கு ஒரு பானைச் சோறும் வெல்லமும்! பாசம் பாதி, வீம்பு பாதி.

ராசிபுரத்திலிருந்து ஜில்லா போர்டு மாட்டு டாக்டர் சைக்கிளில் வந்து, சோடா உப்பைக் கரைத்துப் புகட்டினார்.

"சோளத்தட்ட மாடு தானாச் செரிக்கறதில்லீங்க. வயித்துக்குள்ள கண்ணுக்குத் தெரியாத உசுருங்க கோடி கோடியா இருக்குது. அதுங்க தட்டத் தின்னுதான் மாட்டுக்குத் தெம்பு. நீங்க போட்ட சோறு ஒரேயடியாப் புளிச்சு அதுங்களக் கொன்னுபோட்டுது."

"அப்ப மாடு பொழைக்காதுங்களா?" என்றாள் பெருமாயி.

"அசை போடற நல்ல மாட்டு வாயிலிருந்து அந்த இரையக் கொஞ்சம் எடுத்து இதுக்குக் குடுக்கோணும். அந்த உசுருங்க உள்ள போயிப் பெருகுனாப் பொழைக்கும்."

அசை போடும் மாட்டின் வாயில் கைவிட்டால் அந்த வீட்டு லட்சுமி போய்விடும் என்பது ஊர் நம்பிக்கை. யார் தருவார்கள்? பெருமாயி யோசிக்கவில்லை. பேச்சுவார்த்தையற்ற அப்புசாமி வீட்டுக்கு நேரே நடந்தாள்.

அப்புசாமி கேட்டது பாதி, கேளாதது பாதி. மயிலையை அவிழ்த்து ஓட்டிக்கொண்டு அவளுக்கு முன்னால் வந்து நின்றான்.

"இதுக்கும் சோறு ஊட்டுனீங்களா? அப்படீன்னா ஆகாது" என்றார் டாக்டர்.

"இல்லீங்க. நாங்க பொங்கலே வெக்கலீங்க. ஒத்தையா நின்னு எப்படிங்க 'பொங்கலோ பொங்கல்'னு கூவறது?" என்றான் அப்புசாமி.

சென்னியப்பன் முகத்தைத் திருப்பிக்கொண்டான். மயிலை அசை போடத் தொடங்கியதும் அப்புசாமியே அதன் வாயில் கைவிட்டு எடுத்தான். அதை வெதுவெதுப்பான நீரில் கரைத்து, மூங்கில் குழாயால் செவலைக்குப் புகட்டினார்கள். லட்சுமியைப் பற்றி அவன் மூச்சுவிடவில்லை.

மறுநாள்வரை யாரும் பட்டியைவிட்டு நகரவில்லை. பொழுது சாயும்போது செவலை நீளமாக ஏப்பம் விட்டது. பிறகு மெல்லத் தாடை அசைந்தது. பெருமாயி வாய்விட்டு அழுதாள்.

"சாப்புட்டுப் போ, சாமி" என்றாள் கொழுந்தனிடம்.

"போடுங்க நங்கை. பொங்க நோம்பியன்னைக்கிருந்தே சோறு எறங்கலீங்க" என்றான் அவன் அண்ணியிடம்.

சென்னியப்பன் அப்போதுதான் தம்பியைப் பார்த்துப் பேசினான்.

"எனக்கு மட்டும் எறங்குச்சாடா? எங்க பங்குச் சோத்தையும் சேத்துத்தான் செவலைக்குப் போட்டோம்."