கடைசி பெஞ்சிலிருந்து ஆரம்பித்த திருடன் கதை

ஏழாம் வகுப்புக்குக் காலையில் முதல் மணி அடித்ததும் பதினைந்து நிமிடம் வாசிப்பு நேரம். பாடம் இல்லை, பரீட்சை இல்லை. ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து, பெஞ்சு வரிசையில் ஆளுக்கொரு பத்தி சத்தமாக வாசிக்க வேண்டும், அவ்வளவுதான். மனமில்லாதவர்கள் ‘அடுத்தவங்க’ என்று சொல்லிவிட்டு உட்காரலாம். ஏன், எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது. இந்தச் சட்டத்தைப் போட்டவர் மொழிப்பாட டீச்சர். கால்புள்ளி வரும் இடத்திலெல்லாம் நின்று மூச்சுவிடச் சொல்வதால் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் கமா டீச்சர். பெயர் அவர் காதுக்கும் வந்திருந்தது. இதைவிட மோசமான பெயர்களெல்லாம் பள்ளிக்கூடத்தில் உலவுவது தெரிந்ததால் பேசாமல் ஏற்றுக்கொண்டார்.

அந்தப் பதினைந்து நிமிடத்துக்கு இப்போது ஆபத்து. அதுவும் வீட்டுக்குள்ளிருந்தே. அதே பள்ளியில் கணக்கு எடுப்பவர் அவருடைய வீட்டுக்காரர். ஏழாம் வகுப்பு கணக்கில் குப்புற விழுந்து கிடக்கிறது, அந்த நேரத்தை எனக்குக் கொடுங்கள் என்று தலைமையாசிரியையிடம் கேட்டுவிட்டார். மனுஷன் கெட்டவர் இல்லை. மனைவியிடம் சொல்லிவிட்டுத்தான் கேட்டார். சொன்ன நேரம்தான் சரியில்லை. டீச்சர் துணி பிழிந்துகொண்டிருந்தபோது சொன்னார்.

“ஜன்னலோரமா ஒரு பொண்ணு உட்கார்ந்திருக்கே, ஊமைக்கோட்டான் மாதிரி. அது வாயத் திறந்து நான் ஒரு நாள் கேட்டதில்ல. தினமும் வாசிச்சு வாசிச்சு அது என்னத்தக் கண்டுது, சொல்லு?”

டீச்சருக்குச் சுருக்கென்றது. அந்தப் பெண் வருஷ ஆரம்பத்தில் எழுத்துக்கூட்டித் திணறியவள். அன்றிலிருந்து தன் முறை வந்தால் ‘அடுத்தவங்க’தான். ஆனால் அடுத்தவர்கள் வாசிக்கும்போது அவள் விரல் மட்டும் வரி வரியாக நகரும். விரல் நகர்வதை வைத்துக்கொண்டு யாரிடம் என்ன நிரூபிப்பது? இளகிய மனசு என்று நம்பி ஒரு குழந்தையைக் கைவிட்டுவிட்டோமோ என்று, பாதி பிழிந்த சட்டையோடு நின்றார்.

தலைமையாசிரியை யாருக்கும் வளைந்துகொடுக்காதவர். “நாளைக்குக் காலைல நானே வந்து உட்கார்றேன். பிள்ளைங்க வாசிச்சா நேரம் உங்களுக்கு. இல்லன்னா கணக்குக்கு” என்று டீச்சரிடம் சொன்னார்.

டீச்சர் செய்த தப்பு, இதை வகுப்பில் போய்ச் சொன்னது. “பயப்படாதீங்க, எப்பவும் போல வாசிங்க” என்றார். அப்படிச் சொன்னால் எந்தப் பிள்ளைதான் பயப்படாது? மதிய இடைவேளையில் முதல் பெஞ்சு வாயாடி தலைமையில் ரகசியக் கூட்டம் நடந்தது. நாளைக்கு யாருக்கு எந்தப் பத்தி வரும் என்று பெஞ்சு வரிசைப்படி எண்ணிப் பார்த்து, ஆளுக்கொரு பத்தியை மனப்பாடம் செய்வதென்று முடிவானது. கணக்கில் குப்புற விழுந்த வகுப்பு, இந்தக் கணக்கை மட்டும் துளி பிசகில்லாமல் போட்டது. ஊமைக்கோட்டானை மட்டும் விட்டுவிட்டார்கள். அவள் எப்படியும் வாசிக்கப் போவதில்லை.

மறுநாள் தலைமையாசிரியை வந்து, டீச்சரின் நாற்காலியில் புத்தகத்தோடு உட்கார்ந்தார். பூட்டு செய்பவர் வீட்டுக்குள் புகுந்த திருடன் வெளியே வர முடியாமல் மாட்டிக்கொள்ளும் கதை.

“முதல் பெஞ்சு எப்பவும் நல்லாத்தான் வாசிக்கும். கடைசி பெஞ்சிலேர்ந்து ஆரம்பிங்க” என்றார்.

வாயாடியின் முகம் வெளுத்தது. கடைசி பெஞ்சு நெட்டையன் எழுந்தான். முதல் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, கண்ணை மேலே மின்விசிறியில் வைத்தான்.

“‘போய் வா தம்பி. அடுத்த முறை கதவைத் தட்டிவிட்டு வா’ என்று சொல்லிப் பூட்டுக்காரர் அவனை வழியனுப்பினார்.”

தலைமையாசிரியை பக்கத்தைப் புரட்டினார். பக்கத்திலிருந்தவன் எழுந்து, திருடன் விடிய விடிய அழுததை ஒப்பித்தான். அடுத்தவள், திருடன் ஏழாவது பூட்டோடு மல்லுக்கட்டுவதை. கதை பின்னோக்கி நடந்து போய்க்கொண்டிருந்தது. குட்டு வெளிப்பட்டுவிட்டது. இவ்வளவு நாள் வாசித்த வகுப்பு, வாசிக்கத் தெரியாத வகுப்பு போல நிற்கிறதே! டீச்சருக்கு ஆளுக்கொரு அறை விடலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

அப்போதுதான் ஜன்னலோரம் பெஞ்சு நகர்ந்தது.

“டீச்சர், இவங்க கதையக் கெடுக்கறாங்க. திருடன் இன்னும் உள்ளயே வரல.”

யார் குரல் என்று எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். ஊமைக்கோட்டான் எழுந்து நின்றிருந்தாள். காது மடல் சிவந்திருந்தது. யாரும் கேட்காமலேயே முதல் பத்தியை வாசிக்க ஆரம்பித்தாள். வேகம் இல்லை. ஒரு சொல்லில் இடறி, திரும்பப் போய், அதைச் சரியாக எடுத்துக்கொண்டு வந்தாள். ஒவ்வொரு கால்புள்ளியிலும் நின்றாள்.

“‘பூட்டுக்காரரின் மனைவி, அடுப்பை அணைத்து, மூன்று டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, படுக்கப் போனாள்.’”

அவள் உட்கார்வதற்குள் நெட்டையன் ஆரம்பித்தான். “பாத்தியா, திருடன் வருவான்னு அந்த அம்மாவுக்கு முதல்லயே தெரியும்!”

“தெரியாதுடா, தூங்கிட்டுத்தான இருந்தாங்க!” என்று வாயாடி எகிறினாள்.

“எங்க போட்டிருக்கு, காட்டு!”

அவ்வளவுதான். தலைமையாசிரியை உட்கார்ந்திருப்பதே மறந்துபோய், வகுப்பு முழுக்கப் பக்கங்களைப் புரட்டி, வரிகளைத் தேடி, ஒருவருக்கொருவர் வாசித்துக் காட்ட ஆரம்பித்தது. சந்தைக்கடை தோற்றது. டீச்சர் தடுக்க வாயெடுத்தார். தலைமையாசிரியை கையைக் காட்டி அவரை நிறுத்தினார். தலைமையாசிரியையும் எதையோ தேடிப் புரட்டிக்கொண்டிருந்தார்.

மணி அடித்தபோது வாசலில் கணக்கு சார் சாக்பீஸ் டப்பாவோடு நின்றிருந்தார். எப்போது வந்தாரோ, தெரியவில்லை.

“என்ன சார், நேரம் வேணுமா உங்களுக்கு?” என்றார் தலைமையாசிரியை.

சார் நேராக ஜன்னலோரம் போனார். “ஏம்மா, அந்த அம்மாவுக்குத் திருடன் வரப்போறது முன்னாடியே தெரியுமா?”

“தெரியும் சார்.”

“அவ்வளவு உறுதியா எப்படிச் சொல்ற?”

“மூணு டம்ளர் கழுவி வச்சாங்க சார். வீட்ல இருக்கறது ரெண்டே பேர்.”

கணக்கு சார் சாக்பீஸ் டப்பாவை மூடினார். பிறகு தலைமையாசிரியையைப் பார்த்துச் சொன்னார். “கணக்கு சரியாத்தான் இருக்கு மேடம். நேரம் அவங்ககிட்டயே இருக்கட்டும்.”

டீச்சருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மனப்பாடம் செய்தவர்களை வைது தீர்க்க வேண்டும் என்று வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. வீட்டுக்காரரை மட்டும் ஒரு பார்வை பார்த்தார். அவர் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

மறுநாள் காலை வாசிப்பு வழக்கம்போல முதல் பெஞ்சிலிருந்து தொடங்கி ஜன்னலோரம் வந்தது. வகுப்பு மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தது. அவள் எழுந்தாள்.

“அடுத்தவங்க” என்றாள்.

யாரும் ஏன் என்று கேட்கவில்லை. பக்கத்துப் பெண் வாசிக்கத் தொடங்கினாள். ஜன்னலோர விரல் வரியில் நகர்ந்துகொண்டிருந்தது. டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, நிம்மதியாகப் பக்கத்தைத் திருப்பினார்.